முண்டாசைக் கட்டச் சொன்ன வக்கீல்



ரூபாய் நோட்டில் சிரிக்கும் காந்தித் தாத்தாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உப்புச் சத்தியாகிரகம், கதர், ராட்டை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் சுமார் 20 ஆண்டுகள் வக்கீலாகத் தொழில் செய்தவர் என்பது தெரியுமா? கடல் கடந்து போய் அடிபட்டு நின்ற ஒரு தமிழ் ஏழைக்காக அவர் கோர்ட்டுக்குப் போன கதையை இன்று சொல்கிறேன், கேளுங்கள்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். 1888இல் லண்டன் சென்று சட்டம் படித்து, 1891இல் பாரிஸ்டராகத் திரும்பினார். பம்பாயில் அவருக்கு முதல் வழக்கு கிடைத்தது. சின்ன வழக்குதான், பீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்க எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை! உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிப் பணத்தையும் திருப்பித் தருவதாகக் கூறிவிட்டார். வகுப்பில் எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளைகளே, நீங்கள் தனியாக இல்லை!

1893இல் ஒரு வியாபாரியின் வழக்குக்கு உதவத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போனார். அங்கே கோர்ட்டைப் பார்க்கச் சென்றபோது, தலைப்பாகையைக் கழற்றும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். காந்தி மறுத்துவிட்டு வெளியேறினார். இந்தத் தலைப்பாகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

டர்பன் இருந்த பகுதிக்கு நேட்டால் என்று பெயர். அங்கே வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் 1860இல் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துக்காரர்கள். நம் விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் போயின.

ஐந்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதி அழைத்துப் போவார்கள். சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் வேலையை விட்டால், முதலாளி பண நஷ்டம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி அப்படிப் போனாலோ அது குற்றம்; சிறைக்கே அனுப்பலாம். அடி பொறுக்காமல் ஓடினாலும் அகப்படுவது அடிபட்டவர்தான்!

1894இல் காந்தி நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருநாள் ஒரு தமிழர் அழுதுகொண்டே அவரிடம் வந்தார். கிழிந்த துணி, உடைந்த இரண்டு முன்பற்கள், வாயில் ரத்தம். பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்த அடி அது. காந்திக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் வேலை பார்த்த தமிழ் குமாஸ்தா எடுத்துச் சொன்னார்.

பாலசுந்தரம் தம் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் போனால் அவிழ்த்துவிட வேண்டும் என்பது அங்கே கூலிகளுக்கு வழக்கம். காந்தியிடமும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். காந்திக்கு மனம் நொந்தது. முதல் வேலையாக முண்டாசைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிக் கட்டினார். கட்டி முடித்தபோது, அந்த ரத்தக் கறை படிந்த முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

பிறகு காந்தி அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அங்கிருந்து நேராக மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட் கோபம் கொண்டு முதலாளிக்கு உடனே சம்மன் அனுப்பினார்.

குழந்தைகளே, இங்கே கொஞ்சம் யோசியுங்கள். முதலாளிக்குத் தண்டனை கிடைத்தால் போதுமா? தண்டனை முடிந்ததும் பாலசுந்தரம் அதே வீட்டுக்குத்தானே வேலைக்குப் போக வேண்டும்? அடித்தவரைத் தண்டிப்பதைவிட, அடிபட்டவரை அந்த இடத்திலிருந்து மீட்பதையே காந்தி முக்கியமாக நினைத்தார். கூலிகளின் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசினார். முதலாளியையும் பார்த்துப் பேசினார். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற முதலாளி ஒப்புக்கொண்டார். காந்தியே தமக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலேயர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். மாஜிஸ்திரேட் முதலாளியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, ஒப்பந்த மாற்றத்தையும் பதிவு செய்தார். பாலசுந்தரம் பிழைத்தார்.

இந்தச் செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. தங்களுக்காகவும் பேச ஒருவர் இருக்கிறார் என்று கூலிகள் காந்தியின் அலுவலகத்தைத் தேடி வந்தார்கள். 1896இல் காந்தி சென்னைக்கு வந்தபோது, பாலசுந்தரம் கதை அறிந்த மக்கள் அவரை உற்சாகமாக வரவேற்றார்கள்.

கோர்ட்டில் ஒருவரைக் காப்பாற்றலாம். சட்டமே கொடுமையாக இருந்தால்? 1895இல் நேட்டால் அரசு புதிய வரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஒருவரின் மாத வருமானம் 14 ஷில்லிங்குக்கு மேல் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல்! மனைவிக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வரி வேறு.

காந்தி விடவில்லை. 1913இல் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி 16 வயதில் உயிர் நீத்தார். அதே ஆண்டில் 3 பவுண்டு வரி ஒழிந்தது. பாலசுந்தரம் வந்து நின்ற நாளிலிருந்து கிட்டத்தட்ட 20 ஆண்டுகள்!

1915இல் இந்தியா திரும்பிய காந்தி, தம்மோடு போராடிய தமிழர்களின் ஊர்ப்பக்கமான தரங்கம்பாடிக்கும் மாயவரத்துக்கும் வந்தார். சென்னையிலிருந்து மாயவரத்துக்கு ரயிலேறினால் திண்டிவனமும் விழுப்புரமும் வழியில் வரும். அடுத்த முறை அந்த ரயிலில் போகும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்றைய உலகத்துக்கு வருவோம். நெதர்லாந்து நாட்டின் தி ஹேக் நகரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது. 2002இல் தொடங்கியது. போரில் மக்களைக் கொடுமைப்படுத்தியவர்களை அங்கே விசாரிக்கிறார்கள். பொதுவாகக் குற்ற வழக்கில் குற்றம்சாட்டுபவருக்கு ஒரு வக்கீல், எதிரிக்கு ஒரு வக்கீல். அடிபட்டவர் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த நீதிமன்றத்தில் அடிபட்டவர்களும் தங்கள் வக்கீல் மூலம் பேசலாம். ஏழைகளானால் நீதிமன்றமே உதவும். 15 வயதுகூட ஆகாத பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுத்துப் போருக்கு அனுப்பிய காங்கோ நாட்டு ஆயுதக் குழுத் தலைவர் ஒருவர், 2012இல் அங்கே தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கில், அப்படிச் சிக்கிய பிள்ளைகளுக்காகவும் வக்கீல்கள் வாதாடினார்கள். குற்றவாளியைத் தண்டிப்பதோடு நிற்காமல், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்யவும் அந்த நீதிமன்றம் உத்தரவிடலாம்.

உங்களில் யாராவது வக்கீல் ஆகலாம், ஆகாமலும் போகலாம். உங்கள் வகுப்பில் யாராவது அடிபட்டு அழுதுகொண்டு நின்றால், அடித்தவனை மாட்டிவிட ஓடுவதற்கு முன், அடிபட்டவனிடம் போய் நில்லுங்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவன் தலைகுனிந்து நின்றால், நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். டர்பன் வக்கீல் முதலில் செய்த வேலை அதுதான்!