தாய்மார்களுக்காக வாழ்ந்த வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர்

தங்கவயல் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் பழைய வடஆற்காடு மாவட்டம். தலைப்பிரசவத்துக்குக் குடியாத்தம், ஆம்பூர் பக்கம் தாய்வீடு போய் வந்த பெண்கள் இங்கே ஏராளம். நோய் முற்றினால் ரெயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போவது இன்றும் வழக்கம்.

அந்த ஆஸ்பத்திரி பிறந்ததற்குக் காரணம், பிரசவத்தில் இறந்த மூன்று பெண்கள்.

அதை நிறுவியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் இருந்து வந்து இங்கே வைத்தியம் பார்த்த பாதிரியார் குடும்பம். தாத்தாவும் டாக்டர், தந்தையும் டாக்டர். ஐடாவுக்கோ அதில் நாட்டம் இல்லை. அமெரிக்காவிலேயே வாழ்ந்துவிட நினைத்தார். தாயார் நோயுற்றதால், 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார்.

ஒரே இரவில் மூன்று சாவு

ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தன் மனைவியைக் காப்பாற்றும்படி ஐடாவிடம் கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தை வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பிரசவம் பார்ப்பதை அந்த இளைஞர் ஏற்கவில்லை. திரும்பிப் போனார். அதே இரவில் ஒரு முஸ்லிமும், வேறொரு சாதி இந்துவும் இதே வேண்டுகோளுடன் வந்தனர். அவர்களும் அப்படியே திரும்பினர்.

பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

ஐடாவின் மனம் மாறியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில், வீட்டின் ஒரு சிறு அறையில் வைத்தியம் தொடங்கினார். அதே ஆண்டு தந்தை காலமானார். ஆனாலும் ஐடா தளரவில்லை. அமெரிக்க வங்கி அதிபர் ஒருவர் தந்த 10 ஆயிரம் டாலரில், 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது.

மரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரி வந்தும் கிராமத்துத் தாய்மார்கள் எல்லோரும் வேலூர் வந்துவிட முடியவில்லை. ஆகவே ஆஸ்பத்திரியே அவர்களைத் தேடிப் போனது. முதலில் மாட்டுவண்டி, பிறகு கார். வாரந்தோறும் குடியாத்தம் சாலையில், குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். கைக்குழந்தையுடன் பெண்கள் அங்கே காத்திருப்பார்கள்.

பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. ஒரு டாக்டர் எத்தனை வாசலுக்குத்தான் ஓட முடியும்? இந்த நாட்டுப் பெண்களே படித்து வந்தால்தான் குறை தீரும் என்று ஐடா கண்டார். 1909-ல் நர்சுகள் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-ல் பெண்கள் மருத்துவப் பள்ளியை ஏற்படுத்தினார்.

பெண்கள் படிக்க முன்வருவார்களா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். ஆனால் முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அந்த ஆண்டு ஆண்கள் பள்ளிகளில் தேறியவர்களோ ஐந்தில் ஒரு பங்கினர்தான்.

1930-களின் இறுதியில் மற்றொரு சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் பட்டக் கல்லூரிகளாக உயர வேண்டும் என்றது அரசு. எழுபது வயதில் ஐடா அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர். பிறகு பிரசவ மருத்துவத்தில் பேர்பெற்ற டாக்டர் ஹில்டா லாசரஸ், அங்கே முதல் இந்திய இயக்குனராக அமர்ந்தார்.

கோடைக்கானலில் மறைவு

திருமணமே செய்துகொள்ளாத ஐடா, 1960-ம் ஆண்டு மே 24-ந்தேதி கோடைக்கானலில் காலமானார். வயது 89.

தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியும் ஓய்ந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த வைத்தியம் போய்விட்டால் தாயும் சேயும் படும் பாடு என்ன என்பதை இந்த ஊர் அறியும். திண்டிவனத்தில் அந்த மூன்று வீடுகளுக்கும் அருகிலேயே ஒரு டாக்டர் இருந்தார். ஆனால் அந்தப் பெண்கள் ஏற்கக்கூடிய டாக்டர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஐடா தன் வாழ்நாளைச் செலவிட்டார்.