தூரிகை ஏந்திய போர்வீரர்

சுதந்திர நாடு என்ற பெயரில் போலந்துக்கு 1795 முதல் 1918 வரை உலகப் படத்தில் இடம் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக் கொண்டன. மன்னர் இல்லை, படை இல்லை. அந்த இருண்ட காலத்தில் போலந்து மக்களுக்கு அவர்களுடைய பழைய வீரத்தை நினைவூட்டியவர் ஓர் ஓவியர். அவர் பெயர் யான் மத்தேய்கோ.

பிழைக்க வந்தவரின் மகன்

மத்தேய்கோ 1838-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி கிராக்கோ நகரில் பிறந்தார். தந்தை செக் நாட்டுக்காரர். பிழைப்புத் தேடி வந்து, இசை ஆசிரியராக வேலை பார்த்தவர். பதினொரு பிள்ளைகளில் மத்தேய்கோ ஒன்பதாவது. ஏழு வயதில் தாயை இழந்தார்.

1848-ல் ஆஸ்திரியப் படை கிராக்கோ மீது குண்டு வீசியது. அவருடைய அண்ணன்மார் இருவர் ஹங்கேரிப் புரட்சிப் படையில் சேர்ந்தனர். ஒருவர் திரும்பவே இல்லை.

பள்ளிப் படிப்பு மத்தேய்கோவுக்கு ஏறவில்லை. ஆனால் படம் வரைவதில் கெட்டிக்காரர். 14-வது வயதில் கிராக்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பழைய கவசம், உடை, கல்லறைச் சிற்பம் எதைக் கண்டாலும் உடனே தாளில் வரைந்து வைத்துக் கொள்வார். பின்னாளில் அந்தத் தாள்கள்தாம் அவருக்குக் கைமுதலாயின.

1863-ல் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. அவருடைய சகோதரர் ஒருவர் போருக்குப் போனார். உடல் நலிந்த மத்தேய்கோவால் துப்பாக்கி ஏந்த முடியவில்லை. சேமித்த பணத்தைப் புரட்சிக்குக் கொடுத்தார். புரட்சிக்காரர்களின் முகாமுக்கு ஆயுதங்களைக் கொண்டு போய்ச் சேர்த்தார். புரட்சி நசுக்கப்பட்டது. அதன் பிறகு தூரிகையே அவருக்கு ஆயுதம் ஆயிற்று.

பாராட்டும் பழியும்

நாட்டைப் பங்கு போடுவதற்குச் சம்மதம் தர 1773-ல் போலந்து நாடாளுமன்றம் கூடியது. ரெய்தன் என்ற உறுப்பினர் வாசலில் குறுக்கே விழுந்து தடுத்துப் பார்த்தார். அந்தக் காட்சியை மத்தேய்கோ 1866-ல் தீட்டினார். நாட்டை விற்ற பிரபுக்களின் முகங்களையும் அதில் அப்படியே காட்டிவிட்டார்.

போலந்துப் பிரபுக்கள் கொதித்தெழுந்தனர். குடும்ப மானம் போயிற்று என்றும், வீட்டு அழுக்கை வெளியாருக்குக் காட்டிவிட்டார் என்றும் ஏசினர். ஆனால் 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்தப் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. நாட்டைப் பங்கு போட்டவர்களின் வாரிசான ஆஸ்திரியச் சக்கரவர்த்தியே அதை விலைக்கு வாங்கினார். தம்மைப் பழித்தவர்களுக்கு மத்தேய்கோ படத்தாலேயே பதில் சொன்னார். சந்தைவெளியில் தாமே குற்றவாளியாகத் தண்டனை பெறுவதுபோல ஒரு படம் தீட்டினார்.

குருன்வால்டு

1410-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி குருன்வால்டு என்ற இடத்தில் போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து ஜெர்மானியத் துறவிப் படையை முறியடித்தன. அந்தப் போரை 1872 முதல் 1878 வரை ஆறு ஆண்டுகள் பாடுபட்டு மத்தேய்கோ தீட்டினார். களத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். படம் 14 அடி உயரம், 32 அடி நீளம். நடுவில் சிவப்பு உடையில் லிதுவேனியத் தலைவர் வித்தாவ்தாஸ் வாளை உயர்த்துகிறார். இடப்பக்கத்தில் வெள்ளை உடை அணிந்த எதிரித் தலைவரைச் சாதாரணக் காலாட்கள் குத்தி வீழ்த்துகிறார்கள்.

படத்தில் ஒரே நெரிசல், மூச்சுவிட இடமில்லை என்று விமரிசகர்கள் குறை சொன்னார்கள். மக்களோ திரண்டு வந்து பார்த்தார்கள். அதே ஆண்டு கிராக்கோ நகரம் அவருக்கு ஒரு செங்கோலைப் பரிசளித்தது. மன்னர் இல்லாத நாட்டில் ஓவியர் கையில் செங்கோல்!

பிராகா நகர ஓவியக் கல்லூரித் தலைவர் பதவி தேடி வந்தபோது மத்தேய்கோ மறுத்துவிட்டார். 1873 முதல் இறுதிவரை கிராக்கோ ஓவியப் பள்ளியின் தலைவராகவே இருந்தார். வியன்னா போரைப் பற்றிய படத்தை 1883-ல் போப்பாண்டவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் போலந்து மன்னர்கள் 44 பேரையும் வரிசையாக வரைந்தார். 1893 நவம்பர் 1-ந் தேதி காலமானார். சரியாக 25 ஆண்டுகள் கழித்து நாடு விடுதலை அடைந்தது.

மண்ணுக்குள் போன படம்

கதை அதோடு முடியவில்லை. 1939-ல் ஹிட்லரின் படை போலந்தில் நுழைந்தது. ஜெர்மானியர் தோற்ற காட்சியைக் காட்டும் படத்தை நாஜிகள் விட்டு வைப்பார்களா? குருன்வால்டு படத்தைச் சுருட்டி, வார்சாவிலிருந்து லூப்ளின் நகருக்குக் கடத்தினார்கள். பிறகு ஒரு கொட்டகையின் தரைக்கடியில் புதைத்தார்கள். பெரும்பணம் தருவதாக நாஜிகள் ஆசை காட்டியும் விஷயம் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. 1944-ல் வெளியே எடுத்தபோது ஈரத்தில் துணி கெட்டுப் போயிருந்தது. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அதைச் சீர் செய்தார்கள்.

இன்று அந்தப் படம் வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. மத்தேய்கோ பிறந்த கிராக்கோ வீடும் அருங்காட்சியகமாகி இருக்கிறது. நாட்டை அவர் படங்களில் காப்பாற்றி வைத்தார். அவர் படத்தை நாட்டு மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள்.