அம்ரிதா ஷெர்கில்: பங்களாவிலிருந்து பார்த்த முகங்கள்

இந்தியாவின் புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1913 ஜனவரி 30-ஆம் தேதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த சீக்கியர். தாயார் ஹங்கேரிய நாட்டுப் பாடகி. அவர் பெயர் மேரி அந்துவானெட்!

அதே பெயரில் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஒரு ராணி இருந்தார். வெர்சாய் அரண்மனை வளாகத்திலேயே தமக்கென ஒரு சிறு கிராமம் கட்டி, பசு மாடுகளும் வளர்க்கச் செய்தவர். 1783-இல் வைக்கோல் தொப்பியும் எளிய வெள்ளை மஸ்லின் உடையுமாக அவரை வரைந்த படம் கண்காட்சிக்கு வந்தது. ராணிக்கு இது அழகா என்று ஊர் பேசியதால் படத்தை அகற்றிவிட்டார்கள். அந்த ராணிக்குக் கிராமம் ஒரு பொழுதுபோக்கு.

அம்ரிதாவின் கதை வேறு. 16 வயதில் பாரிஸ் சென்று ஓவியம் கற்ற அவர், 1933-இல் அங்கே தங்கப் பதக்கம் பெற்றார். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு அவர் தீட்டிய 'மூன்று பெண்கள்' ஓவியத்தைப் பார்ப்பவர்கள், ஏழைக் குடியானவப் பெண்கள் என்றே நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் மஜீதியா குடும்பத்துப் பெண்கள். மாளிகையின் சாயலே படத்தில் இல்லை. தங்கள் வாழ்க்கையை வேறு யாரோ முடிவு செய்யக் காத்திருக்கும் முகங்கள்தான் தெரிகின்றன. அந்தக் காத்திருப்பு பெரிய வீட்டிலும் உண்டு, குடிசையிலும் உண்டு.

தென்னிந்தியாவைச் சுற்றிவந்து, 1937-இல் சந்தைக்குப் போகும் நம் கிராமத்து மக்களையும் வரைந்தார்.

1938-இல் உறவினரான டாக்டர் விக்டர் ஏகானை மணந்து, கோரக்பூர் பக்கத்திலுள்ள சராயாவில் குடியேறினார். அங்கிருந்த சர்க்கரை ஆலை அவருடைய சித்தப்பா குடும்பத்துக்குச் சொந்தம். துரை பங்களாவில் இருந்துகொண்டு லயத்துப் பெண்களை வரைவது போலத்தானே இது என்று நம் தோட்டத்து மக்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் 1940-இல் அவர் வரைந்த மஞ்சள் அரைக்கும் பெண்களைப் பாருங்கள். அழகு காட்ட உட்கார்ந்தவர்கள் இல்லை, வேலை செய்கிறார்கள். அம்மியில் அரைத்த கைக்கு அது புரியும். அவர்கள் பெயர்தான் படத்தில் இல்லை.

1941 டிசம்பர் 5-இல், லாகூரில் தம் கண்காட்சி தொடங்கவிருந்த வேளையில், 28 வயதிலேயே அம்ரிதா காலமானார். உயிரோடிருந்தபோது அவர் படங்கள் அதிகம் விலைபோகவில்லை. கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசும் 'கதை சொல்பவர்' ஓவியம் 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது.