அந்த இருமல் டிபியா, தூசியா? கேஜிஎஃப்பில் முடியும் ராபர்ட் கோக்கின் கதை

கேஜிஎஃப் என்றதும் உங்களுக்கு யாஷ்தான் ஞாபகம் வருவார். அவரைக் கொஞ்சம் ஓரமா வைங்க. நிஜக் கோலார் தங்க வயலில், வட ஆற்காடு பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன சத்தம் இருமல். அது டிபியா, பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைத் திறந்துவிட்டவரும் ஒரு சுரங்க ஊர்க்காரர்தான்.

ராபர்ட் கோக், 1843 டிசம்பர் 11 அன்று ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் பிறந்தார். அப்பா சுரங்க அதிகாரி; வீட்டில் 13 பிள்ளைகள். மருத்துவம் படித்துவிட்டு ஒரு சிற்றூரில் அரசு டாக்டராக இருந்தபடியே, ஆந்த்ராக்ஸுக்குக் காரணம் எந்த பாக்டீரியா என்று 1876இல் நிரூபித்தார்.

கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பித்தது 1880. இரண்டே வருஷத்தில், 1882 மார்ச் 24 அன்று, டிபி கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் கோக் அறிவித்தார். டிபி பரம்பரை நோய் என்று பலரும் நம்பிய காலம் அது. அவர் கிருமிக்குச் சாயமேற்றிப் பார்த்தார், தனியாக வளர்த்தார், விலங்குகளுக்குச் செலுத்தி அதே நோயை வரவழைத்தும் காட்டினார். அடுத்து காலராவைத் தேடி கல்கத்தாவுக்கே வந்தார். 1905இல் நோபல் பரிசு.

சறுக்கல்களும் உண்டு. 1890இல் டிபிக்கு மருந்து என்று அவர் அறிவித்த டியூபர்குலின் யாரையும் குணப்படுத்தவில்லை; பின்னால் அது தோலில் செய்யும் பரிசோதனையாகத்தான் பயன்பட்டது. 1901இல், மாட்டு டிபியால் மனிதர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை என்றார். அதுவும் தப்பு.

மாட்டு டிபி கிருமியும் மனித டிபி கிருமியும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி குச்சிகள். டிஎன்ஏவிலும் 99.9 சதவீதம் ஒன்றுதான். ஆனால் மாட்டுக் கிருமியில் சில துண்டுகள் காணாமல் போயிருக்கும். எந்தத் துண்டு இருக்கு, எது இல்லை என்று பார்த்தால் ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். மரபணு அடையாளங்கள் என்பது இதுதான், கிட்டத்தட்ட பார்கோடு மாதிரி. 1910இல் இறந்த கோக்குக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.

உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு பார்கோடு நம்ம ஊரில் திணறியது தனிக்கதை. ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு கிருமியில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்து வகை பிரிப்பார்கள். தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? வேறு அடையாளங்களைத் தேட வேண்டியதாயிற்று.

கோக் காலத்தில் கிருமியை வளர்க்கவே வாரக்கணக்கில் ஆகும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட், சளியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. ஆர்பிஓ-பி என்ற மரபணுவின் ஒரு சின்னப் பகுதியைப் படித்து, டிபி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும்.

கேஜிஎஃப்பில் சிக்கல் இங்கேதான். தூசிக்கு மரபணு கிடையாது. டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நுரையீரல் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. பாசிட்டிவ் என்றால் தூசிக்குப் பங்கில்லை என்றும் ஆகாது; சிலிக்கோசிஸ் வந்தவரை டிபி சுலபமாகப் பிடிக்கும். எக்ஸ்ரே நிழல்களும் சில சமயம் குழப்பும். சிலிக்கோசிஸ் தொழிலால் வரும் நோய், நஷ்டஈட்டுக்கு உரியது. அதனால் டிபி என்று மட்டும் எழுதப்படும் சீட்டு ஒரு குடும்பத்தின் உரிமையையே மறைத்துவிடலாம்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சிலிக்கோசிஸ் வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் தெரியவரும். உங்கள் தாத்தாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்தவர், இப்போது இருமுகிறார் என்றால், சளி டெஸ்ட் எடுக்கும்போதே அவர் எத்தனை வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கினார், என்ன வேலை பார்த்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்க.