வாசலில் வந்து நின்ற தாய்

அஸ்மா பின்த் அபூபக்ர் (ரழி) என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்களது இடுப்புப் பட்டிதான். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளை, வழிச்சாப்பாட்டைக் கட்டக் கயிறு இல்லாமற்போகவே, தமது பட்டியை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார்கள். இரு பட்டிகளுக்குரியவர் என்ற பொருளில் தாதுந் நிதாகைன் என்னும் பெயர் அவர்களுக்கு வந்தது அதனால்தான். தந்தை எங்கே என்று கேட்டு அபூஜஹ்ல் அறைந்ததில் காதணி தெறித்து விழுந்தபோதும் அவர்கள் இரகசியத்தை வெளியிடவில்லை.

இத்தனை துணிவுள்ள அந்தப் பெண்மணி செய்வதறியாது தயங்கி நின்ற ஒரு நாளும் உண்டு. அது பெற்ற தாய் தம்மைத் தேடி வந்த நாள்.

தாயாரின் பெயர் குதைலா. இஸ்லாத்துக்கு முந்திய காலத்திலேயே அபூபக்ர் அவர்கள் அவரை விவாகரத்துச் செய்திருந்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் உம்மு ரூமான் என்ற இன்னொரு மனைவியின் மகள். அஸ்மா அவர்கள் ஆரம்பத்திலேயே இஸ்லாத்தை ஏற்றார்கள். தாயோ பழைய வழியிலேயே மக்காவில் இருந்துவிட்டார்.

மகள் நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனாவுக்குப் பயணமானார்கள். குபாவில் மூத்த பிள்ளை அப்துல்லாஹ் பிறந்தார். கணவர் ஸுபைர் (ரழி) அவர்களிடம் அப்போது வசதி இல்லை. குதிரைக்குத் தீனி போடுவதும், தூரத்து நிலத்திலிருந்து பேரீத்தங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதும் அஸ்மா அவர்களின் அன்றாட வேலைகள். பிள்ளைப்பேற்றிலும் கஷ்டத்திலும் பெற்றவள் பக்கத்தில் இல்லை.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபியா உடன்படிக்கை ஏற்பட்டது. அந்தச் சமாதான காலத்தில் குதைலா மதீனாவுக்கு வந்தார். நெய்யும் தயிர்க்கட்டியும் போன்ற அன்பளிப்புகளை அவர் கொண்டுவந்ததாக அறிவிப்புகள் கூறுகின்றன. அஸ்மா அவர்கள் அவற்றை வாங்கவில்லை. தாயை உள்ளே அழைக்கவுமில்லை. ஆனால் திருப்பி அனுப்பிவிடவும் இல்லை. தங்கை ஆயிஷாவிடம் ஆளனுப்பி, நபியவர்களிடம் கேட்டுச் சொல்லுமாறு வேண்டினார்கள். வெறுப்பு மட்டும் இருந்திருந்தால் கேட்கத் தேவையில்லை. பாசம் மட்டும் இருந்திருந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

தாயை வீட்டுக்குள் அழைத்து, அன்பளிப்பை ஏற்று, உறவைப் பேணுமாறு நபியவர்கள் பணித்தார்கள். மார்க்கத்துக்காக நம்முடன் போரிடாதவர்களுக்கும், நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்ற கருத்தைத் தரும் ஸூரதுல் மும்தஹினாவின் 8ஆம் வசனம் இதையொட்டியே இறங்கியதென அறிஞர்கள் சொல்வர். பழைய பிரிவில் யார் மீது தவறு என்ற விசாரணை அந்தப் பதிலில் இல்லை. தாய் முதலில் மாற வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. தயங்கிய மகளுக்குக் கண்டனமும் இல்லை.

அஸ்மா (ரழி) அவர்கள் ஏறத்தாழ நூறு வயது வாழ்ந்து, ஹிஜ்ரி 73இல் மக்காவில் வபாத்தானார்கள்.

பெற்றோர் பிரிந்த வீட்டில் வளரும் சகோதரிகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். பல வருடங்களின் பின் உம்மாவோ வாப்பாவோ வாசலில் வந்து நிற்கும்போது மனம் தடுமாறினால், அது பாவமல்ல. அஸ்மா அவர்களும் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தை மனதுக்குள் பூட்டி வைக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வழி கேட்டார்கள். நாமும் கேட்கலாம்.