பசுமை காத்த ஜானகி அம்மாள்

கேரளத்தின் வடபகுதியில் உள்ள தலச்சேரியில், 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஜானகி அம்மாள் பிறந்தார். அவருடைய தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். செடிகொடிகளிலும் பறவைகளிலும் பேரார்வம் கொண்டவர். அந்த ஆர்வம் மகளையும் பற்றிக்கொண்டது.

பெண்களுக்கு இளமையிலேயே மணம் முடிப்பது வழக்கமாக இருந்த காலம் அது. ஜானகியோ திருமணத்தை விடுத்துக் கல்வியைத் தேர்ந்தார். இன்று தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பலர் கொச்சிக்கு வருவதுபோல, அன்று அவர் கல்வி தேடிச் சென்னைக்குச் சென்றார். இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1931இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் உருவாக்கினார். பிறகு இங்கிலாந்து சென்றார். அங்கு டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1970களில் பாலக்காடு மாவட்டத்தின் சைலன்ட் வேலிக் காட்டில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டனர். மின்சாரம் கிடைத்தால் அப்பகுதி வளரும் என்றனர் சிலர். மூழ்கிய மழைக்காட்டை மீண்டும் உருவாக்க இயலாது என்றனர் பிறர். சிங்கவால் குரங்குகள் வாழும் காடு அது. முதுமையை எட்டியிருந்த ஜானகி அம்மாள் காட்டின் பக்கம் நின்றார். வெறும் எதிர்ப்புடன் அமையாமல், அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். ஒன்றைக் காப்பதற்கு முன் அதனை அறிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரது செயல் உணர்த்தியது.

அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்க அவர் இல்லை, காடு இருக்கிறது.

அவர் சென்ற வழி இன்று பலருக்கும் திறந்திருக்கிறது. பள்ளியில் உயிரியல் பயின்றோர் கல்லூரியில் தாவரவியல், வனவியல், சுற்றுச்சூழல் அறிவியல், மீன்வளம் ஆகியவற்றைப் பயிலலாம். திருச்சூர் வெள்ளானிக்கரையிலும் கோவையை அடுத்த மேட்டுப்பாளையத்திலும் வனவியல் கல்லூரிகள் உள்ளன. பட்டம் பெற்றோர் இந்திய வனப்பணித் தேர்வு எழுதி அதிகாரியாகலாம். பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்திலோ, கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ ஆய்வாளராகலாம். தேவராவின் காயலையும் கரையோரக் கண்டல் மரங்களையும் நாள்தோறும் காணும் மாணவர்களுக்கு, அக்கல்வியின் முதல் பாடம் வீட்டருகிலேயே காத்திருக்கிறது.