சாண்டோ: நெஞ்சைக் காட்டி உலகத்தைக் கட்டிப்போட்டவர்

சாண்டோ சின்னப்பா தேவர்ங்கிற பெயர் உங்க காதுல விழுந்திருக்கும். எம்.ஜி.ஆரை வச்சும், யானை, ஆடு, பாம்புன்னு மிருகங்களை வச்சும் வரிசையா படம் எடுத்த தயாரிப்பாளர். அந்த 'சாண்டோ' அவரோட ஊர்ப் பெயர் இல்ல, குடும்பப் பெயரும் இல்ல. உடற்பயிற்சியால உடம்பை ஏத்தினவர்ங்கிறதால ஒட்டிக்கிட்ட பட்டம். ஒரு காலத்துல நம்ம ஊர்ல நெஞ்சு அகலமா, தோள் திரண்டு ஒருத்தர் நடந்து வந்தாலே அவர் சாண்டோதான். அந்தப் பட்டத்துக்குச் சொந்தக்காரர் எங்கேயோ பிறந்த ஒரு ஜெர்மன்காரர். ஹாஸ்டல் ஜிம்ல பெஞ்ச் பிரஸ் பண்ணிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிற நம்ம எல்லாருக்கும் அவர் ஒரு வகையில கொள்ளுத்தாத்தா. அவர் கதையைத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

டிஸ்கிரீட் மேத்ஸ்ல ஏழு பாலக் கணக்கு படிச்சோமே, கோனிக்ஸ்பெர்க்? அதே ஊர்லதான் 1867 ஏப்ரல் 2ஆம் தேதி ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர் பிறந்தார். அப்போ அது பிரஷ்யா, இப்போ ரஷ்யாவோட கலினின்கிராட். சின்ன வயசுல தான் நோஞ்சானா இருந்ததாகவும், அப்பாவோட இத்தாலிக்குப் போனப்போ பழைய சிலைகளோட உடம்பைப் பார்த்து ஆசைப்பட்டதாகவும் பின்னாடி அவரே எழுதினார். 'நேத்து நோஞ்சான், இன்னைக்கு பலசாலி'ங்கிற கதையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? இன்னைக்கு ரீல்ஸ்ல ஓடுற ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர்மேஷன் வீடியோவும் அதே கதைதான். அதை அழகா விக்கக் கத்துக்கிட்ட முதல் ஆட்கள்ல இவர் ஒருத்தர்.

கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க 1885ல ஊரை விட்டுக் கிளம்பி சர்க்கஸ்ல சேர்ந்தார். யூஜென் சாண்டோன்னு பெயர் வச்சுக்கிட்டார். பிரஸ்ஸல்ஸ்ல அவருக்கு ஒரு குரு கிடைச்சார். மேடைப் பெயர் பேராசிரியர் அட்டிலா. சாண்டோவுக்குக் கனமான எடைகளைத் தூக்கப் பழக்கினவர் அவர்தான். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1889ல லண்டன்ல சாம்ப்சன்னு ஒரு பலசாலி, தன்னை ஜெயிக்கிறவருக்கு 500 பவுண்டுன்னு மேடையில சவால் விட்டுக்கிட்டிருந்தார். சாண்டோ கூட்டத்திலிருந்து எழுந்து போய் ஜெயிச்சார். ஒரே ராத்திரியில லண்டன் முழுக்கப் பேச்சானார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மேடைதான். சங்கிலியை நெஞ்சைச் சுத்திக் கட்டி, மூச்சை இழுத்து விரிச்சு அறுப்பார். ரெண்டு பக்கக் கூடையிலும் ஆள் உட்கார்ந்த ராட்சத பார்பெல்லைத் தூக்குவார். மார்பு மேல பலகையைப் போட்டு அதுல குதிரைகளை நடக்க விடுவார்.

இதுவரைக்கும் அவர் பலசாலிகள்ல இன்னொரு பலசாலி, அவ்வளவுதான். திருப்பம் வந்தது 1893ல. சிகாகோவுல உலகக் கண்காட்சி நடந்தப்போ ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்டுங்கிற இளைஞர் சாண்டோவைத் தன்னோட நிகழ்ச்சிக்கு எடுத்தார். பின்னாடி பிராட்வேயில கொடி கட்டிப் பறந்த அதே சீக்ஃபெல்டு. சாண்டோ எவ்வளவு தூக்குறார்ங்கிறதை விட அவர் எப்படி இருக்கார்னு பார்க்கத்தான் கூட்டம் வருதுன்னு அவர் கவனிச்சார். உடனே நிகழ்ச்சியை மாத்தினார். எடையைக் குறைச்சு, உடையையும் குறைச்சு, வெளிச்சத்துல நின்னு ஒவ்வொரு தசையா இறுக்கிக் காட்டினா போதும். நிகழ்ச்சி முடிஞ்சதும் நன்கொடை கொடுத்துட்டு, அந்தத் தசையைத் தொட்டுப் பார்க்கப் பெரிய வீட்டுப் பெண்கள் மேடைக்குப் பின்னாடி வந்தாங்க. அடுத்த வருஷம் 1894ல நியூ ஜெர்சியில இருந்த எடிசனோட ஸ்டுடியோவுல சாண்டோ கேமரா முன்னாடி நின்னார். ஒரு நிமிஷம் கூட ஓடாத படம். வெத்து மார்போட திரும்பித் திரும்பி போஸ் கொடுக்கிறார். சினிமா பிறக்குறப்பவே அதுல சிக்ஸ் பேக் இருந்துச்சுன்னு சொல்லலாம்.

'எவ்வளவு தூக்குவே'ங்கிற கேள்வி 'எப்படி இருக்கே'ன்னு மாறினது இங்கதான். பாடி பில்டிங் பிறந்ததும் இங்கதான்.

அடுத்து வியாபாரம். 1897ல லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவுல உடற்பயிற்சி நிலையம் திறந்தார். 1898ல சொந்தமா பத்திரிகை ஆரம்பிச்சார். நேர்ல வர முடியாதவங்க தங்களோட அளவுகளைத் தபால்ல அனுப்பினா, பயிற்சி முறை தபால்ல வரும். ஆன்லைன் கோச்சிங் மாதிரியேதான், நெட் மட்டும்தான் இல்ல. அந்த அளவுகள்ல மார்புக்கு ரெண்டு எண் உண்டு: சாதாரணமா ஒண்ணு, மூச்சை இழுத்து விரிச்சா ஒண்ணு. நம்ம ஊர் காவலர் தேர்வுல இன்னைக்கும் ஆண்களுக்கு மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தா குறைஞ்சது 5 செ.மீ. விரியணும்னு டேப் பிடிக்கிறாங்க இல்ல, அதே ரெண்டு எண்.

மார்புக்கு அவர் சொன்ன பயிற்சிகள் ரொம்ப எளிமை. கையை முன்னாடி நீட்டி, மூச்சை இழுத்துக்கிட்டே ரெண்டு பக்கமும் விரிச்சு பின்னாடி கொண்டு போறது. தரையில கை ஊன்றி தண்டால். ரப்பர் பட்டையைப் பிடிச்சு இழுக்கிறது. எல்லாம் கண்ணாடி முன்னாடி, வேலை செய்யிற தசை மேல மனசை வச்சு. எடை 4, 5 பவுண்டு டம்பெல். நம்ம கணக்குல ரெண்டு, ரெண்டே கால் கிலோ. அதுலயே அவர் ஒரு டிசைன் பண்ணி வித்தார்: டம்பெல்லோட கைப்பிடியை நீளவாக்குல ரெண்டா பிளந்து நடுவுல ஸ்பிரிங் வச்சது. பயிற்சி முடியிற வரைக்கும் அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். பிடி தளர்ந்தா ஸ்பிரிங் விரிஞ்சு காட்டிக் கொடுத்துடும், மனசு அலைய முடியாது. பலம் கூடக் கூட ஸ்பிரிங்கைக் கூட்டிக்கலாம். மெக்கானிக்கல் பசங்க இதை ரசிப்பீங்க.

இப்போ அட்டிலாவை ஞாபகப்படுத்திக்கோங்க. சாண்டோ தன் உடம்பைக் கட்டினது கனமான எடையால, வருஷக்கணக்கான சர்க்கஸ், மேடை உழைப்பால. மக்களுக்கு அவர் வித்தது ரெண்டு கிலோ டம்பெல். அது ஏமாத்து வேலைன்னு ஒரே போடா போட்டுட முடியாது. நாள் முழுக்க மேஜையில குனிஞ்சு எழுதின குமாஸ்தாக்களுக்கு நிமிர்ந்து நிக்கவும் ஆழமா மூச்சு விடவும் அது கத்துக் கொடுத்தது, நிஜமாவே பலன் இருந்துச்சு. ஆனா விளம்பரப் படத்துல இருந்த மார்பு அந்த டம்பெல்லால மட்டும் வந்ததில்ல. தசை பெருகணும்னா அது தாங்குற சுமை கொஞ்சம் கொஞ்சமா ஏறணும், சாப்பாடும் தூக்கமும் கூட வரணும். இன்னொண்ணு, டேப் மார்பை மட்டும் அளக்காது. முதுகையும் சேர்த்துத்தான் சுத்தி வரும். முதுகுத் தசையை விரிச்சு, மூச்சை அடக்கினா எண் எகிறிடும். படத்தைப் பார்த்து, எண்ணைப் பார்த்து நம்மள நாமே குறைச்சு எடை போடுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

சாண்டோவோட நியாயமான முகமும் ஒண்ணு இருக்கு. 1901 செப்டம்பர் 14ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல பெரிய உடலழகுப் போட்டி நடத்தினார். நடுவர்கள் மூணு பேர்: சாண்டோ, சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைச்ச ஆர்தர் கோனன் டாயில். மார்க் எதுக்குன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. உடம்பு முழுக்க வளர்ச்சி, அந்த வளர்ச்சி எல்லாப் பக்கமும் சமமா இருக்கிறது, தசையோட உறுதி, பொதுவான ஆரோக்கியம், தோலோட நிலை. ஒரே ஒரு இடத்துல மட்டும் மலை மாதிரி தசை வச்சிருந்தா அதுக்காகத் தனி மார்க் கிடையாது. ஜெயிச்சவர் நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே. பரிசு, சாண்டோவோட தங்கச் சிலை. 1977லிருந்து மிஸ்டர் ஒலிம்பியா ஜெயிக்கிறவங்களுக்குக் கிடைக்கிறதும் அதே உருவத்தோட வெண்கலப் பிரதிதான். அர்னால்டு காலத்துப் பரிசில் நிக்கிற ஆள் யார்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

1904, 1905ல உலகம் சுத்தினார், இந்தியாவுக்கும் வந்தார். 1906ல பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார். 1911ல மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தன்னோட உடற்பயிற்சிப் பேராசிரியரா நியமிச்சார். படையில சேர ஆசைப்பட்டு உடல் தகுதி இல்லாம நின்ன இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனா முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மனியில பிறந்தவர்ங்கிற சந்தேகப் பார்வை அவரை விடல. தன் பெயர்ல வித்துக்கிட்டிருந்த கோக்கோ கம்பெனி 1916ல திவாலாச்சு.

1925 அக்டோபர் 14ஆம் தேதி, 58 வயசுல இறந்தார். பள்ளத்துல விழுந்த காரை ஒத்தை ஆளா தூக்கப் போய் நரம்பு வெடிச்சுடுச்சுன்னு ஒரு கதை பரவுச்சு. பதிவான காரணம் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில ஏற்பட்ட வீக்கம். கோடிக்கணக்கான பேர் கண்ணு விரிச்சுப் பார்த்த அந்த நெஞ்சுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எந்தக் கண்ணாடியும் காட்டல. மனைவி பிளாஞ்ச் விருப்பப்படி லண்டன் பட்னி வேல் கல்லறையில அடையாளம் ஏதும் இல்லாம புதைச்சாங்க. உலகத்திலேயே அதிகமா போட்டோ எடுக்கப்பட்ட உடம்புகள்ல ஒண்ணு, பல பத்து வருஷம் பெயர்ப்பலகை கூட இல்லாம கிடந்துச்சு. 2008ல அவர் வம்சத்துல வந்த ஒருத்தர் ஒன்றரை டன் எடையுள்ள கல்லை நட்டு, 'சாண்டோ'ன்னு ஒரே ஒரு வார்த்தை செதுக்கி வச்சார்.

மார்பு பயிற்சி பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. அழகா தெரியணும்னு ஆசைப்படுறதுல தப்பே இல்ல, அந்த ஆசையில சாண்டோ ஒரு தொழிலையே கட்டினார். ஆனா அவர் விளம்பரத்தை விட்டுட்டு ஆல்பர்ட் ஹால் மார்க் ஷீட்டை எடுத்துக்கோங்க. நெஞ்சுக்கு ஒரு நாள்னா முதுகுக்கும் காலுக்கும் ஒரு நாள். எடையை மெதுவா ஏத்துங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தமும் பார்த்துடுங்க, நம்ம வயசுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை.